கூண்டுக்குள் வைத்த கை

“கையக் குடுக்கதுக்கு முன்னால கைய என்னமோ செய்யணும்ல” என்றுதான் பெரியப்பா ஆரம்பித்தார், அந்த என்னமோ என்ன என்பதுதான் தனசிங்குக்கு நினைவுக்கு வரவில்லை. கழுவணும் என்றாரா, காட்டணும் என்றாரா, சும்மா கொஞ்ச நேரம் வைக்கணும் என்றாரா. அவன் வெளிநாடு கிளம்புவதற்கு முந்தின நாள் வீட்டில் வைத்த ஜெபக்கூட்டம் அது. பெரியப்பா நாற்காலி முதுகைப் பிடித்துக்கொண்டு எழுந்து நின்று பேச, சொல் முடிகிற இடத்தில் யாரோ சர்பத் டம்ளரைத் தட்டிவிட்டார்கள், பாயைச் சுருட்டு பாயைச் சுருட்டு என்று ஒரே சத்தம், எல்லோரும் காலைத் தூக்கிக்கொண்டார்கள், பெரியப்பாவும் உட்கார்ந்துவிட்டார். இப்போது பெரியப்பாவும் இல்லை, அந்தப் பாயில் இருந்தவர்களில் பாதிப் பேர் இல்லை, கேட்க ஆள் கிடையாது, அவனுடைய வலது கை மணிக்கட்டுவரைக்கும் எலிக்கூண்டுக்குள் கிடக்கிறது. உள்ளங்கை மேலே பார்த்தபடி, விரல்கள் கொஞ்சம் மடங்கி, நடுவில் நாலைந்து சூரியகாந்தி விதை. மத்தியானச் சாப்பாடு முடிந்த கையோடு உட்கார்ந்தவன். தோள்பட்டை கடுக்கிறது, முழங்கை மடிப்பில் வேர்வை, ஆனால் கையை அசைக்கக்கூடாது. கையை அசைத்தால் அது கை, அசைக்காவிட்டால் கூண்டுக்குள் கிடக்கிற இன்னொரு சாமான், கட்டைத் துண்டு மாதிரி, தண்ணீர்ப் புட்டி மாதிரி. அப்படி ஆக வேண்டும் முதலில். இரண்டு எலிகள், வெள்ளை உடம்பில் பிஸ்கட் நிறத்தில் திட்டு இருப்பது பிஸ்கட், முழு வெள்ளையாகச் சின்னதாக இருப்பது பட்டாணி. பெயர் வைத்தது ஜோவிதா. அவனுடைய ஒரே மகள், பதிமூன்று வயது, சர்ச்சில் கேரல் பயிற்சிக்குப் போயிருக்கிறாள், இருட்டுகிற நேரத்துக்கு வந்துவிடுவாள். அவள் வருவதற்குள் இதுகளில் ஒன்றாவது கையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லையென்றால் நாளைக்கு ஞாயிறு கோயில் ஆராதனை முடிந்ததும் கலர்மீன் கடைக்காரர் வண்டியில் வந்து கூண்டோடு எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதுதான் பேச்சு. மனைவி ஹெலன் ஒரு வாரம் தவணை கொடுத்தாள், வாரம் நாளையோடு முடிகிறது. அவளைக் குறை சொல்ல முடியாது. எலி கடித்துப் பிள்ளையின் ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்ததைப் பார்த்தவள் அவள்தான், ஊசி போட ஆஸ்பத்திரிக்கு ஆட்டோவில் கூட்டிக்கொண்டு போனவளும் அவள்தான், எலிக்காய்ச்சல் எலிக்காய்ச்சல் என்று அந்த ஆட்டோவில் அவள் உதடு முணுமுணுத்துக்கொண்டே வந்ததாக ஜோவிதா சொன்னாள். “கையில எடுத்துப் பழகாத ஜந்துவ வீட்டுல வச்சு என்ன செய்யப்போறோம் அத்தான், வேடிக்க பாக்கவா?” நியாயமான கேள்வி. அவளுடைய தம்பி டேனியல் போனிலேயே சிரித்தான். “ஊருல எல்லாவனும் எலிக்குப் பொறி வைக்கான், அத்தான் மெத்த போட்டுக் குடுக்காவ.”

கடைக்காரர் நல்ல மனிதர்தான். வாங்கப் போன அன்றைக்கே தானாகச் சொன்னார், “புள்ளைக்குப் பிடிக்கலேன்னா யோசிக்காம கொண்டாங்க சார், பார்மசி காலேஜ்ல கேட்டுக்கிட்டே இருக்காங்க, வெள்ளெலி நிக்கவே மாட்டேங்கு.” தனசிங் அப்போது ஜோவிதாவின் முகத்தைப் பார்த்தான். அவள் கண்ணாடித் தொட்டியில் மூக்கை ஒட்டி வைத்துக்கொண்டு நின்றாள், காதில் விழுந்ததாகத் தெரியவில்லை. விழுந்திருந்தாலும் பார்மசி காலேஜ் என்றால் அவளுக்கு என்ன தெரியும், மாத்திரை செய்கிற இடம் என்று நினைத்திருப்பாள். அவனுக்குத் தெரியும். அந்த அறை எந்த ஊரில் இருந்தாலும் ஒன்றுதான், அடுக்கடுக்காகப் பெட்டிகள், மரத்தூள் வாசமும் மூத்திர வாசமும் கலந்து தொண்டையில் உட்கார்ந்துகொள்கிற ஒரு இனிப்புக் காரம், இரவு பகல் தெரியாமல் மணிக்கணக்கு வைத்து எரிந்து அணைகிற விளக்கு. வெளிநாட்டில் அவன் வேலை பார்த்த டண்டீயில் அந்த அறைக்குள் போவதற்கு முன்னால் செருப்பிலிருந்து சட்டைவரை மாற்ற வேண்டும், வெளியே வரும்போது திரும்ப மாற்ற வேண்டும், அப்படியும் ஹெலன் பஸ்ஸில் அவனுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தால் ஜன்னலைத் திறப்பாள், குளிரிலும் திறப்பாள். மருந்து ஆராய்ச்சி நிலையம். என்ன வேலை என்று ஊரில் கேட்டவர்களுக்கு ரிசர்ச் என்றான், பொய் இல்லை. ஜோவிதா சின்னப் பிள்ளையாக இருக்கும்போது கேட்டதற்கு மிருகங்களைப் பார்த்துக்கொள்கிற வேலை என்றான், அதுவும் பொய் இல்லை. அவள் பள்ளிக்கூடத்தில் அப்பாவைப் படம் வரையச் சொன்னபோது யானைக்குப் பக்கத்தில் நிற்கிற மாதிரி வரைந்து கொண்டுவந்தாள், ஹெலன் அதைக் குளிர்பெட்டியில் ஒட்டி வைத்தாள், வீட்டைக் காலி செய்கிறவரை அந்த யானை அங்கேயே இருந்தது. அவன் பார்த்தது எலிகளை. அவன் கை அந்த இடத்தில் பேர்போன கை. பயந்த எலி சரியான கணக்குக் கொடுக்காது, நெஞ்சு துடிப்பதும் ரத்தத்தில் சர்க்கரை ஏறுவதும் மருந்தாலா பயத்தாலா என்று தெரியாது, அதனால் எலியைப் பயமில்லாமல் பழக்கித் தர ஒரு ஆள் வேண்டும். வாலைப் பிடித்துத் தூக்குகிற பழக்கத்தை நிறுத்திவிட்டு, அட்டைக் குழலுக்குள் அதுவாக ஏறவைத்துக் குழலோடு தூக்குகிற முறை வந்தபோது எல்லோருக்கும் அவன்தான் செய்து காட்டினான். தனுவிடம் கொடு, தனு தொட்டால் தூங்கிவிடும் என்பார்கள். தூங்கத்தான் செய்தன. அவன் கையிலிருந்து இறங்கி அவன் காட்டுகிற பெட்டிக்குள் தாமாகவே நடந்து போயின, சில பெட்டிகள் வெறும் பெட்டி, சில பெட்டிகளுக்கு மூச்சை நிறுத்துகிற வாயுக் குழாய் இருந்தது, எலிக்கு வித்தியாசம் தெரியாத மாதிரிப் பார்த்துக்கொள்வதுதான் திறமை. ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல என்பான். தமிழில்தான் சொல்வான், வேறு யாருக்கும் புரியாது என்கிற தைரியம், அதோடு அந்த மாதிரிச் சொல் இங்கிலீஷில் அவனுக்கு வராது. வா ராசா, ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல. இப்போது கூண்டு மூலைக் காகிதக் குவியலிலிருந்து பிஸ்கட் மூக்கை நீட்டுகிறபோது நாக்கு நுனிக்கு அதே சொல் வந்து நிற்கிறது, அவன் விழுங்குகிறான். அதைச் சொல்லக்கூடாது. அதற்குப் பதில் என்ன சொல்வது. கம் ஆன், என்கிறான் மெதுவாக, குட் கேர்ள், நோ ஹர்ரி. வாத்தியார் இங்கிலீஷ். அங்கே எலியிடம் தமிழ் பேசியவன் இங்கே பாளையங்கோட்டையில் எலியிடம் இங்கிலீஷ் பேசிக்கொண்டிருக்கிறான், டேனியல் கேட்டால் இன்னொரு வாரத்துக்குச் சிரிப்பான். ஆனால் அந்த ஒண்ணுமில்ல எலிக்கு மட்டும் சொன்னது இல்லையே. அங்கிருந்து திரும்பி வந்து ஜோவிதாவை இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் சேர்த்த முதல் நாள், கேட்டுக்கு வெளியே, அவள் கை அவன் சட்டையை இறுக்கிப் பிடித்திருக்க, அதே குரலில், அதே இறக்கத்தில், ஒண்ணுமில்லம்மா, ஒண்ணுமில்ல. அவள் உள்ளே போய்விட்டாள். திரும்பிப் பார்க்காமல் போனாள். ரிப்போர்ட் வாங்கப் போனபோது கிளாஸ் டீச்சர், “மார்க் எல்லாம் நல்லாத்தான் சார் இருக்கு, புள்ளதான் இன்னும் பழகல” என்றார், சிரித்துக்கொண்டேதான் சொன்னார், அதற்குப் பிறகு வேறு பிள்ளையின் தகப்பனாரிடம் திரும்பிவிட்டார்.

பிஸ்கட் வெளியே வந்துவிட்டது. முன்கால் இரண்டையும் தரையில் ஊன்றி, பின்பாதி உடம்பைக் காகிதத்துக்குள்ளேயே விட்டுவிட்டு நீட்டிப் பார்க்கிறது, எந்த நேரமும் பின்னால் இழுத்துக்கொள்ளலாம் என்கிற நிற்பு. மீசை அடிக்கிறது. பிள்ளையைக் கடித்தது இதுதான். கடித்தது என்று சொல்வதும் சரியில்லை, அன்றைக்கு ஜோவிதா மைசூர்பாகு தின்ற கையை அப்படியே உள்ளே விட்டாள், எலிக்கு அது விரல் என்று எப்படித் தெரியும், தின்பண்டத்தைக் கடிக்கிற மாதிரிக் கடித்தது. அதைத்தான் அவன் அவளுக்குச் சொல்ல வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்து, விரலில் பிளாஸ்திரி சுற்றி, கூண்டுக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள், அழவில்லை. “அப்பா, நீங்க பழக்கித் தாங்க, நீங்கதான அனிமல்ஸ் கூட வேல பாத்தீங்க” என்றாள். இந்த ஊருக்கு வந்து அவள் அவனிடம் கேட்ட முதல் காரியம் அது. வேறு எதுவும் கேட்டதில்லை, செருப்பு அறுந்தால்கூட ஹெலனிடம்தான் சொல்வாள். அவன் சந்தோஷத்தில் யோசிக்காமல் கையை விட்டான். அதுதான் தப்பு. யோசித்திருந்தால் மெதுவாகப் போயிருப்பான். கைக்கு யோசனை இல்லை, கைக்கு வேலை தெரியும். அவனுக்கே தெரிவதற்குள் கட்டை விரலும் ஆள்காட்டி விரலும் பிஸ்கட்டின் பிடரித் தோலை மடித்துப் பிடித்துவிட்டன, சுண்டு விரல் வாலைச் சுற்றிக்கொண்டது, எலி மல்லாக்க அவன் கையில், நாலு காலும் விரிந்து, வயிறு மேலே, அசைய முடியாமல். ஊசி போடுவதற்கு நீட்டுகிற பிடி. கண்ணிமைக்கிற நேரம்கூட ஆகவில்லை. ஜோவிதா எலியைப் பார்க்கவில்லை, அவன் கையைப் பார்த்தாள். யாரோ தெரியாத ஆளுடைய கை அப்பா சட்டைக்குள்ளிருந்து வந்த மாதிரிப் பார்த்தாள். “இத எங்க கத்துக்கிட்டீங்க?” “வேலையிலதான்.” “எவ்வளவு மைஸ் இப்படிப் பிடிச்சிருப்பீங்க?” “நெறைய இருக்கும்மா.” அவள் தன் விரல் பிளாஸ்திரியின் ஓரத்தை அழுத்தி ஒட்டினாள். பிறகு, “அவங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்க?” என்றாள். எலியை அவங்க என்கிறாள், இந்த ஊர்ப் பாஷை இன்னும் சரியாகப் பிடிபடவில்லை என்று ஹெலன் திருத்துவாள், அவனுக்குத் திருத்தத் தோன்றவில்லை. அவங்க எல்லாம். அவன் பிஸ்கட்டை இறக்கிவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டு, சாப்பிட்டியா என்று கேட்டான். அன்றிலிருந்து அவள் கூண்டுக்கு விதை போடுகிறாள், தண்ணீர் மாற்றுகிறாள், அவன் உட்கார்ந்திருக்கிற நேரத்தில் அந்த அறைக்குள் வருவதில்லை.

கரண்டு போய்விட்டது. தலைக்கு மேலே மின்விசிறி இன்னும் இரண்டு சுற்றுச் சுற்றி இழுத்துக்கொண்டு நின்றது, ஹாலில் ஹெலன் பார்த்துக்கொண்டிருந்த டீவியும் நின்றது, தெருவில் யாரோ சைக்கிளை ஸ்டாண்டு போடுகிற சத்தம் திடீரென்று பக்கத்தில் கேட்டது. எலிகள் தங்களுக்குள் பேசுகிற சத்தம் மனிதன் காதுக்கு எட்டாது, அவ்வளவு மெல்லிசு, அங்கே ஒரு கருவி வைத்து அதைக் கேட்க வைத்தார்கள் ஒரு தடவை, கண்ணாடியில் ஈரத் துணி தேய்க்கிற மாதிரி. இந்த நிமிஷம் பிஸ்கட் பின்னால் திரும்பிப் பட்டாணியிடம் இந்தக் கையைப் பற்றி என்ன சொல்லிக்கொண்டிருக்கும். முழுக்கையிலும் வேர்வை ஊறி மணிக்கட்டு வழியாக இறங்குகிறது, ஒரு துளி ரேகை வழியே ஓடி உள்ளங்கைக் குழியில் விதைகளுக்கு நடுவே நின்றது. பெரியப்பா வேர்க்கணும் என்றாரோ. கையக் குடுக்கதுக்கு முன்னால கை வேர்க்கணும்ல. இல்லை, அப்படிச் சொல்லக்கூடிய ஆள் இல்லை அவர், அவர் கை எப்போதும் காய்ந்து சொரசொரவென்று இருக்கும், தலையில் வைத்து ஜெபித்தால் முடி சிக்கும். பிஸ்கட் கையின் விளிம்புக்கு வந்து சுண்டு விரலை முகர்ந்தது. நகத்தில் பல் பட்டது, அழுத்தவில்லை, என்ன சாமான் என்று தட்டிப் பார்க்கிற மாதிரி. பிறகு நாக்கு. எலி நாக்கு அவ்வளவு சின்னது, சூடாக ஒரு ஊசி முனை நகர்ந்து நகர்ந்து போகிற மாதிரி இருந்தது, அது விதையைத் தொடவில்லை, உப்பை நக்கிக்கொண்டே ரேகை வழியாக மேலே ஏறியது. முன்கால் ஒன்று, இன்னொன்று, பின்பாதி காகிதத்தை விட்டுவிட்டது. ஏறிவிட்டது. முழு உடம்பும் கையில். என்ன எடை இருக்கும், ஒரு கடிதக் கவர் எடை, நடுவில் நெஞ்சு மட்டும் தனியாக அடிக்கிறது, அடிக்கிறது என்பதுகூட இல்லை, ஒரு விடாத நடுக்கம். அது உட்கார்ந்தது. முன்கால் இரண்டையும் தூக்கி முகத்தைக் கழுவியது, காதுக்குப் பின்னால் இழுத்து இழுத்து, வேறு வேலை இல்லாதவள் கண்ணாடி முன்னால் உட்கார்ந்த மாதிரி. முகம் கழுவினால் பயம் போய்விட்டது என்று அர்த்தம். பிறகு உடம்பைச் சுருட்டி, மூக்கை வயிற்றுக்குள் செருகி, அவனுடைய உள்ளங்கைச் சூட்டில் கண்ணை மூடியது. அப்போதுதான் கட்டை விரல் நகர்ந்தது. அவன் நகர்த்தவில்லை. விரல் தன்னால் பக்கவாட்டில் வந்தது, ஆள்காட்டி விரல் எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது, இரண்டும் அந்தப் பிடரிக்கு இரண்டு பக்கமும் வந்து நின்றன, தூங்குகிற எலிக்கு அடுத்து என்ன என்று பல வருஷமாக அதுகளுக்குத் தெரியும். தனசிங் மூச்சை நிறுத்தினான். விரலைப் பார்த்தான். விரலை எடுக்க வேண்டும், வேகமாக எடுத்தால் எலி குதித்துவிடும், எடுக்காவிட்டால் எது வரைக்கும் போகும் என்று அவனுக்கு நிச்சயமாகச் சொல்லத் தெரியவில்லை. ஒரு முடி அளவு, இன்னொரு முடி அளவு. எலியின் முதுகு ரோமம் கட்டை விரலைத் தொட்டுக்கொண்டே விலகியது. இது நம்புகிறது. எதை நம்புகிறது என்று கேட்டால் இதற்குச் சொல்லத் தெரியாது, சூடு இருக்கிறது, உப்பு இருக்கிறது, அசையவில்லை, போதும் என்கிறது. அங்கே இருந்ததுகளும் இதைத்தான் நம்பின. அதே சூடு, அதே உப்பு. அவன் கை ஒரு பொய்யும் சொல்லவில்லை, அதுதான் அவனுக்குத் தாங்கவில்லை, அங்கேயும் சொல்லவில்லை, இங்கேயும் சொல்லவில்லை, கை ஒன்றுதான். விரல்கள் கடைசியில் விரிந்து மல்லாந்தன. வேர்வை இப்போது நெற்றியில்.

“ஏறிட்டா?” ஹெலன் வாசலில் நின்றாள், கையில் விசிறி மட்டை, குரலைத் தானாகவே தாழ்த்திக்கொண்டிருந்தாள். அவன் தலையை மட்டும் அசைத்தான். அவள் உள்ளே வர யோசித்து, சேலையைக் கணுக்காலோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, வந்தாள். குனிந்து பார்த்தாள். “தூங்குதோ?” என்றாள். “ம்.” “இவ்வளவு நாளும் கடிக்கேன் பிடிக்கேன்னு நின்னுட்டு இப்ப பாரு, மாமியார் வீட்டுல மருமகன் படுத்த மாதிரில்லா படுத்திருக்கு.” அவள் சிரித்ததைப் பார்த்து ரொம்ப நாள் ஆகியிருந்தது. அங்கே நல்ல வேலையில் இருந்தவள், இங்கே வந்து யாரிடமும் அதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் கேஸ் புக் பண்ணி, பால்காரரிடம் சண்டை போட்டு, காலத்தை ஓட்டுகிறவள். விசிறி மட்டையை அவன் முகத்துக்கு நேராக மெதுவாக ஆட்டினாள், கூண்டுப் பக்கம் காற்றுப் போகாமல் பார்த்துக்கொண்டாள். “பாப்பா வந்து பாத்தா துள்ளிருவா. நாங்கூட நீங்க முடியாதுன்னு விட்டுருவீங்கன்னு நெனச்சேன் அத்தான்.” பிறகு கூண்டின் மூலையைப் பார்த்தாள். “அந்தச் சின்னது எங்க?” “உள்ள இருக்கு.” “வரவே இல்லையா?” “இன்னும் இல்ல.” காகிதக் குவியல் ஒரு இடத்தில் மட்டும் துடித்துக்கொண்டிருந்தது, பட்டாணியின் மூச்சு. ஒரு வாரத்தில் அவன் அதன் வாலைத் தவிர வேறு எதையும் சரியாகப் பார்த்ததில்லை, கை உள்ளே போனதும் அது மூலையில் போய்ச் சுவரோடு ஒட்டிக்கொள்ளும், விதையைக்கூட அவன் எழுந்து போன பிறகுதான் எடுக்கும். ஹெலன் கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். குரல் மறுபடியும் வீட்டுக் காரியம் பேசுகிற குரலாகிவிட்டது, கடுமை இல்லை, கணக்கு முடிக்கிற குரல். “அப்ப ஒண்ணு செய்வோம். இது இருக்கட்டும், நல்லாப் பழகிட்டு. அந்தச் சின்னத மட்டும் நாளைக்கு அவர்ட்டக் குடுத்து விட்டுருவோம். அதுக்கும் கஷ்டம், நமக்கும் கஷ்டம். பாப்பாட்ட நான் சொல்லிக்கிடுதேன், என்ன?” அவள் சொல்வதில் குறை ஒன்றும் இல்லை. அங்கேயும் அப்படித்தான் செய்வார்கள். புதிதாக வந்த எலிகளைப் பத்து நாள் கையில் எடுத்துப் பார்த்து, வருகிறது ஒரு பக்கம், வராதது ஒரு பக்கம், வராததன் பெட்டிக்கு ஆரஞ்சு அட்டை. ஆரஞ்சு அட்டை போட்டது எந்தக் கணக்குக்கும் ஆகாது, அதனால் அது முதலில் வாயுப் பெட்டிக்குப் போகும், அந்த வாரமே போகும். அட்டையைச் செருகுவது அவன் வேலை. பயந்தது என்கிறதைத் தவிர அதுகள் வேறு ஒன்றும் செய்திருக்காது. செருகும்போது அவனுக்கு ஒன்றும் தோன்றியதில்லை, அடுத்த பெட்டி, அடுத்த பெட்டி, மத்தியானம் சாண்ட்விச்சில் ஹெலன் என்ன வைத்திருக்கிறாள் என்று யோசித்துக்கொண்டே செருகுவான். பட்டாணி காகிதத்துக்குள் ஒரு தடவை திரும்பிப் படுத்தது. ஹெலன் கையில் விசிறி நின்றுவிட்டது. தெருமுனையில் பிள்ளைகள் கூட்டமாகப் பேசிக்கொண்டு வருகிற சத்தம், அதில் ஜோவிதா குரல் இருக்கிறதா என்று தெரியவில்லை, அவள் கூட்டத்தில் பேசமாட்டாள். “என்ன அத்தான், குடுத்து விட்டுருவோமா?” என்றாள் ஹெலன். தனசிங் கையைத் தாழ்த்திக் காகிதத்தின் ஓரத்தில் வைத்தான். பிஸ்கட் பாதித் தூக்கத்தில் எழுந்து, இறங்கி, பட்டாணி இருந்த இடத்துக்குள் நுழைந்தது. அவன் கையை வெளியே எடுத்தான், விரல்கள் மரத்துப்போயிருந்தன, சட்டைப் பையிலிருந்து போனை எடுக்க இடது கைதான் உதவியது. கலர்மீன் கடைக்காரரைக் கூப்பிட்டு, நாளைக்கு வர வேண்டாம், சின்னது கைக்கு வந்தாலும் வராவிட்டாலும் இரண்டும் இங்கேயே இருக்கும் என்று சொன்னான்.